மலையேறாத பாட்டு

மலேசியாவின் கோல சிலாங்கூரில் என்னிடம் முதலில் பேசியவர் விடுதி வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண். “ஒருத்தர்தானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். “மின்மினி பார்க்க வந்தீர்களா?” இல்லை என்றேன். மின்மினி பார்க்கவும் இல்லாமல், துணைக்கு ஆளும் இல்லாமல் ஒருத்தி இந்த ஊருக்கு எதற்கு வருவாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. சாவியோடு, இரவில் ஆற்றங்கரை மின்மினிகளைக் காட்ட அழைத்துப்போகும் படகுத்துறையின் விளம்பரத் தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். “ஒரு படகுக்கு நாலு பேர். யாராவது கிடைத்தால் சேர்ந்துகொள்ளலாம்,” என்றார் ஆறுதலாக.

நான் வந்தது ஒரு பாட்டுக்காக.

‘துரு’ என்பது எங்கள் இசைக்குழுவின் பெயர். பெரம்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில் தொடங்கியது. நான் பாடகி, ஜோயல் கிட்டார், கார்த்தி டிரம்ஸ். எங்கள் வகைக்கு புரோக்ரெசிவ் மெட்டல் என்று பெயர். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டு நீளமாக இருக்கும், தாளம் நடுவழியில் கட்சி மாறும், நான் ஒரு வரியை இனிமையாகப் பாடிவிட்டு அடுத்த வரியை அடித்தொண்டையில் உறுமுவேன். கீழ்வீட்டு மாமா ஒருநாள் படியேறி வந்து, “புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சேன். ரெண்டு குரலும் நீதானா?” என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார். வருடக்கணக்கில் உருட்டிப் புரட்டி எங்கள் முதல் ஆல்பத்தை முடித்தோம். முடித்தோம் என்று பன்மையில் சொல்வது பழக்கதோஷம்.

ஏனென்றால் பாதியிலேயே குழு கலைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ஜோயல் ஒரு காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விமான நிலையப் படம் ஒன்றைப் போட்டான். அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்த செய்தி எனக்கு அந்தப் படத்தில்தான் தெரிந்தது. கார்த்திக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வாரம் ஒத்திகைக்கு வருகிறேன் என்றான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. மிச்சத்தை நான் தனியாக உட்கார்ந்து கோத்து முடித்தேன்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வாசல்’. அதில் உறுமி வாசித்தவன் தினேஷ். இந்தக் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப்புறத்துக்காரன். சென்னைக்கு ஒலிப்பதிவு படிக்க வந்தவன், வரும்போதே உறுமியையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இங்கே உறுமி மேளம் இல்லாமல் கோயில் திருவிழா கிடையாது. ‘வாசல்’ பாட்டில் ஒருத்தி வாசலில் நின்று ‘வா, வா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதற்கு தினேஷ் தன் ஊரில் அம்மனை அழைக்கிற அடியை வாசித்தான். முன்பே பதிந்த கிட்டார், டிரம்ஸுக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே நின்று ஒரே மூச்சில் பதிந்தோம். அதனால் என் மைக்கில் அவன் உறுமி, அவன் மைக்கில் என் குரல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. அடி உச்சத்துக்கு ஏறும்போது, தாளத்தின் நட்டநடுவில், வெட்டியதுபோல் பாட்டு நின்றுவிடும். அது ஜோயலின் யோசனை. “கேக்கறவன் விளிம்புல நிக்கணும்,” என்றான். எங்கள் வகை இசையில் இப்படி வெட்டி முடிப்பது பெரிய கெத்து.

தினேஷ் படிப்பு முடிந்து ஊர் திரும்பி நாளாகிவிட்டது. ஆல்பம் வெளியாகச் சில வாரங்கள் இருக்கும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, வாசல் பாட்ட வெளியிடாதீங்க. என் உறுமி வேணாம். மன்னிச்சிருங்க.” காரணம் இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை. குழுவில் போட்டேன். “கம்ப்யூட்டர் உறுமிய வெச்சு நீ திரும்பப் பாடிடேன்,” என்று ஜோயல் எழுதினான். கார்த்தி கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். எதற்குச் சம்மதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பப் பாடியும் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்து ‘வா’ என்று கூப்பிட எனக்குத் தொண்டை வரவில்லை.

பாட்டை எடுத்துவிட்டு மற்றதை வெளியிடலாம்தான். ஆனால் ‘வாசல்’ பதிந்த அன்றுதான் நாங்கள் எல்லாரும் கடைசியாக ஓரிடத்தில் இருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோயலும் கார்த்தியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போனால் துரு என்று ஒன்று இருந்ததற்கே எனக்குச் சாட்சி இல்லை. அவன் அனுமதி இல்லாமல் வெளியிடவும் மனசு வரவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். விலாசம்கூடக் கையில் இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கம் என்று எப்போதோ சொன்னது மட்டும் நினைவில் இருந்தது.

“உங்க ஊர்ல இருக்கேன்” என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி உடனே விழுந்தது. பதில் விழவில்லை.

பசிக்கு ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன். “ஒருத்தர்தானா? ஒக்காருங்க. தண்ணி என்னா?” என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் செருப்பு பறக்கும். இங்கே டீ, காப்பி, பழச்சாறு எல்லாமே தண்ணிதான். ஆற்றி ஆற்றி நுரை ததும்ப வந்த தேநீரும், நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டேன். பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டே ஒருவர் தோளில் தொலைபேசியை இடுக்கி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். “இங்க மழ. அங்க?... இங்க மழதான்... அங்க?” மனைவியாக இருக்கும். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் இரண்டு பக்கத்திலும் வைக்க மனசில்லை. எனக்கு அன்று அந்த மாவு பிசைகிறவர் மேல் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் புக்கிட் மலாவாத்திக் குன்றுக்கு நடந்தேன். பழைய பீரங்கிகள், கலங்கரை விளக்கம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அங்கே வெள்ளி நிறக் குரங்குகள் உண்டு. நம் கோயில் குரங்குகள்போல் பறிக்கிற ஜாதி இல்லை. கையில் பயற்றங்காய் வாங்கி நின்றேன். ஒரு குரங்கு வந்து முதலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் காயை எடுத்தது. சின்னக் கை, சூடாக இருந்தது. தின்று முடிக்கும் வரை விடவில்லை. அந்த வாரத்தில் யாராவது என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியதும் மடமடவென்று இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் ஓட்டுநரிடம், “புக்கிட் ரோத்தான்?” என்று கேட்டேன். தலையாட்டினார். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற நல்ல மனிதர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து, என் ஆல்பத்தையே காதில் மாட்டிக்கொண்டு தூங்கிப்போனேன். மெட்டல் கேட்டுத் தூங்க முடியுமா என்று கேட்பவர்கள் அதை உட்கார்ந்து மாதக்கணக்கில் மிக்ஸ் செய்து பார்க்கவும். கண் விழித்தபோது இரண்டு பக்கமும் வயல். கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை, நடுவில் நேர்க்கோடாக வாய்க்கால். தஞ்சாவூர் மாதிரி என்று எழுத ஆசைதான். பெரம்பூர்க்காரியான நான் தஞ்சாவூரை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. பலகையில் செகிஞ்சான் என்று இருந்தது. போகவேண்டிய இடத்துக்கு நேர் எதிர்த்திசை.

சாலையோரம் ஒரு சீன அம்மாவின் மீன் நூடுல்ஸ் கடை. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். இந்தக் கேள்விக்கு இனி மொழி தேவையில்லை. நானும் ஒற்றை விரலைக் காட்டினேன். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவர் உள்ளே போகவில்லை. ஒரு தட்டு நிறைய இறாலோடு என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். கடையில் வேறு மேசைகள் காலியாகத்தான் இருந்தன. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் உரித்தார். அந்த நூடுல்ஸ் அவ்வளவு ருசித்ததற்கு மீன் மட்டும் காரணமில்லை.

அங்கேயிருந்து தினேஷுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். கோபமாக ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது. “செகிஞ்சான்ல, ரோட்டோர மீன் நூடுல்ஸ் கடையில மாட்டிக்கிட்டேன். இங்க எனக்கு யாரையும் தெரியாது. பாட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும். திரும்பிப் போற பஸ் எங்க நிக்கும்னாவது சொல்லுடா.”

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு என் வயது இருக்கும். ஆலைச் சீருடை, காலில் கனத்த பாதுகாப்பு பூட்ஸ், நெற்றியில் பெரிய குங்குமம்.

“நீங்கதான் இந்தியாவுலேர்ந்து வந்த பாட்டுக்காரவங்களா? நான் விமலா. தினேஷோட அக்கா. பசியாறிட்டீங்களா?”

ஆயிற்று என்றேன். “அவன் ஏன் வரல?”

“ஒங்க மூஞ்சிய பாக்க அவனுக்கு வெக்கம் லா. லோரிய எடுத்துக்கிட்டு ஓடிட்டான். ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்.”

விமலா செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் வேலை செய்கிறாள். பழக்குலை ஏற்றி வருகிற லாரிகளை எடை போட்டு உள்ளே விடுவது. தினேஷ் ஓட்டுவது அப்படி ஒரு லாரியைத்தான். தம்பி லாரியையும் ஒரு கிலோ சலுகை இல்லாமல் எடை போடுவதாகச் சொல்லிச் சிரித்தாள். கார் ஓட்டுகிறவர்கள் பொதுவாக என்னைப் பாடச் சொல்வார்கள். அவளும் சொன்னாள். எச்சரிக்கை செய்துவிட்டு, ‘வாசல்’ பாட்டின் உறுமல் வரியை எடுத்துவிட்டேன்.

அவள் பயப்படவில்லை. “இது நம்ம கோயில்ல சாமி வந்தா வர்ற சத்தம் லா!” என்றாள். “தொண்ட வலிக்காது?”

“வலிக்காது. வழி இருக்கு. மூச்சை வயித்துல பிடிச்சுக்கிட்டு, தொண்டையை இறுக்காம, மேல இருந்து விடணும்.”

“எனக்கெல்லாம் திருவிழா முடிஞ்சா மூணு நாளைக்குப் பேச்சே வராது. எப்படி, வயித்துலயா?” ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு தடவை முயன்றாள். நாய்க்குட்டி மாதிரி வந்தது. இருவரும் சிரித்தோம். இரண்டாவது தடவை நன்றாகவே வந்தது. பிறகு சட்டென்று நிறுத்தினாள். “கத்துக்கிட்டு என்னா செய்ய. இப்பதான் வர்றதே இல்லியே.”

சாலையின் இரு பக்கமும் செம்பனைக் காடு. ஓரிடத்தில் காரை ஓரங்கட்டினாள். “இங்கதான்,” என்றாள்.

போன வருடம் தினேஷ் அந்தப் பாட்டை அவள் தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். வேலை முடிந்து வரும் வழியில் காரில் போட்டிருக்கிறாள். “உறுமி ஏறுச்சு. ஒடம்பு சிலிர்த்துடுச்சு. காடிய நிறுத்திட்டேன். வருது, வருது, வந்துருச்சுன்னு இருக்கும்போது, டக்குன்னு பாட்டு நின்னுபோச்சு. வந்த சாமிய மலையேத்தி அனுப்பி வுட ஆளு இல்ல. திருநீறு வைக்க ஆளு இல்ல. என்ன வேணும் தாயின்னு கேக்க ஆளு இல்ல. நானு, இந்த மரம், மழ. இருட்டுற வரைக்கும் இப்படியே ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.”

அதற்குப் பிறகு வந்த திருவிழாவில், பத்தொன்பது வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவள்மேல் வந்த அம்மன் வரவில்லை. மஞ்சள் சேலை கட்டி, ஈரத் தலையோடு நின்றாள். மேளக்காரர்கள் கை ஓயும் வரை அடித்தார்கள். ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற வேறொரு பெண்மேல் வந்துவிட்டது.

“எனக்கு ஒன்னும் பெரும இல்ல,” என்றாள் விமலா, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. “நாலு எழுத்து படிச்சவங்ககூட அன்னிக்கு என் கால்ல விழுவாங்க, அதுக்காவ இல்ல. வருசத்துல அந்த ஒரு நாளுதான் என்னைய யாராச்சும் தொடுவாங்க. கைய புடிச்சிக்கிட்டு அழுவாங்க, புள்ளைய மடியில போடுவாங்க. மத்த நாளெல்லாம் நான் அந்த எடை போடுற டிம்பாங்குல கண்ணாடிக்கு உள்ள. அந்த ஒரு நாளும் போச்சு.”

எனக்குக் குரங்கின் கை நினைவு வந்தது. எனக்குள் இருந்த பெரம்பூர்க்காரி, “எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லை விமலா,” என்று மட்டும் சொன்னாள்.

“பரவால்ல லா. ஒங்கள நம்பச் சொல்லல. அந்தப் பாட்ட வெளிய வுட்டா இன்னும் எத்தன பேரு காடிய ஓரங்கட்டிட்டு நிக்கணும்னுதான் தம்பி பயப்படுறான்.”

வீடு, தாமான் என்று இங்கே சொல்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருந்தது. சாயங்காலம் தினேஷ் வந்து வாசலிலேயே நின்றான். சென்னையில் பார்த்ததைவிடக் கறுத்து, தோள் அகன்று போயிருந்தான். விமலா அவனையும் என்னையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கருவாட்டுச் சம்பலும் சோறும் ரசமும் போட்டாள். மூன்று தட்டுகள். நான் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

“அழைக்கிற அடிய எடுத்தா, மலையேத்தி வுட்டுட்டுதான் குச்சிய கீழ வைக்கணும் அக்கா,” என்றான் தினேஷ், சோற்றைப் பார்த்துக்கொண்டு. “சின்னப் புள்ளைக்கும் தெரியும். எனக்கு அங்க தோணவே இல்ல. ஸ்டுடியோவுல அது வெறும் ரிதமா கேட்டுச்சு. ஜோயல் அண்ணன் வெட்டலாம்னு சொன்னப்ப, செம்ம ஐடியான்னு நான்தான் மொதல்ல கை தட்டுனேன். இவளுக்கு இப்படி ஆனப்புறம் நான் உறுமியவே தொடல.”

“அப்ப முடிவை வாசிச்சுடு. பதிஞ்சு பாட்டோட சேர்த்துடறேன்.”

“அழைக்காம எப்படி மலையேத்துறது? இப்ப கோயில்ல கொடி ஏறல, யாரும் வெரதம் இல்ல. சும்மா ஒரு நாளு அழைக்கக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தது கூடாது என்று கேட்கவா? “எதுக்குடா திரும்ப அழைக்கணும்? அழைச்சதுதான் பாட்டுல அப்படியே நிக்குதே. நான் பாட்டைப் போடுறேன். வெட்டின இடத்துல நீ பிடிச்சுக்கோ. பஞ்ச்-இன். தினம் செய்யற வேலைதானே நமக்கு?”

பதிவுக் கூடத்தில் பாதியில் தவறிய இடத்திலிருந்து ஓடுகிற பாட்டோடு சேர்ந்து பிடித்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வோம். தினேஷ் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த விமலா, “அதானே,” என்றாள்.

“ஒரு வாட்டிதான் அக்கா,” என்றான் அவன். “சாமிகிட்ட ரீடேக் கேக்க முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குள் போனோம். தமிழ்க் குடும்பங்கள் எப்போதோ தாமான்களுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருவர் எங்களுக்குக் கையாட்டினார்கள். கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே புது வண்ணத்தோடு நின்றது. திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள், மற்ற நாளில் அம்மனும் தனியாகத்தான் இருக்கிறாள். பூசாரி சாயங்காலம்தான் வருவாராம்.

தகரக் கூரையின் கீழ் ஒலிப்பெருக்கியை வைத்தேன், பதிவுக் கருவியை எதிரே வைத்தேன். தினேஷ் உறுமியின் தோலில் எண்ணெய் தடவினான். விமலா வெறும் கால்களோடு அம்மன் முன்னால் நின்றாள். எல்லாம் தயாரானபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்தால் பதிவு குட்டிச்சுவர்தான். காத்திருக்கலாமா என்று கேட்டேன். “நாலு மணிக்கு எனக்கு ஷிப்டு லா,” என்றாள் விமலா. சரி, மழையும் பாடட்டும் என்று பொத்தானை அழுத்தினேன்.

பாட்டு ஓடியது. ஆளில்லாத கோயிலில் என் குரல் ‘வா, வா’ என்று கூப்பிட்டது. எனக்கு ஜோயலின் கிட்டார் கேட்டது, கார்த்தியின் கை கேட்டது. அந்த ஒரே நாற்காலி கண் முன்னால் நின்றது. நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உறுமி ஏறியது, இன்னும் ஏறியது, வெட்டுப்பட்டது. ஒரு கணம் மழை மட்டும் கேட்டது. தினேஷ் பிடித்துக்கொண்டான். தாளத்தின் நடுவில் அறுந்த நூலின் அதே நுனியில்.

விமலா ஆடத் தொடங்கினாள். கூந்தல் அவிழ்ந்தது. அவளிடமிருந்து ஓர் உறுமல் வந்தது. தினேஷுக்கு இரண்டு கையும் உறுமியில். “அக்கா! திருநீறு! நீங்கதான்!” என்று கத்தினான்.

தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடினேன். கற்பூரம் ஏற்ற மூன்று தீக்குச்சி போயிற்று. என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. “என்ன வேணும்மா?” என்றேன், கடைக்காரி மாதிரி.

அவள் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். வலித்தது. கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் விமலா பார்ப்பதுபோல் இல்லை. “கூப்புட்டீங்களே,” என்றாள். “கூப்புட்டுட்டு எல்லாரும் எங்கடி போனீங்க?”

அதே கேள்விதான் எனக்கும் இருந்தது. யாரிடமும் கேட்டதில்லை. “நான் இருக்கேன்,” என்றேன். “நான் இங்கதான் இருக்கேன்.” அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

“போய்ட்டு வான்னு சொல்லுங்க அக்கா!” என்றான் தினேஷ். அடி தணியத் தொடங்கியிருந்தது.

நெற்றியில் திருநீற்றை அழுத்தினேன். “போய்ட்டு வாம்மா,” என்றேன். ஒரு தடவை சொன்னது போதவில்லை. “போய்ட்டு வா. போய்ட்டு வா.” மணிக்கட்டை இறுக்கிய கை மெல்லத் தளர்ந்தது. உறுமி படிப்படியாக இறங்கி, கடைசி முனகலோடு ஓய்ந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

விமலா தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். “வலிக்கல லா,” என்றாள் ஆச்சரியமாக. வந்தது அம்மனா, நான் காரில் சொல்லிக்கொடுத்த மூச்சா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. தினேஷ் உறுமியைத் துணியில் சுற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். “வெளியிடுங்க அக்கா,” என்றான்.

“இந்த வருசத் திருவிழாவுல வருமான்னு அப்பத்தான் தெரியும்,” என்றாள் விமலா, கூந்தலை முடிந்துகொண்டே. “ஆனா ஒன்னு, இப்ப நெஞ்சுல எதுவும் தொங்கிக்கிட்டு இல்ல.” பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அவள்தான் என்னைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். கையில் வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்.

“மின்மினி பாத்தீங்களா?”

“இல்ல.”

“நானும் பாத்ததில்ல லா. இங்கயேதான் பொறந்தேன். படகுக்கு நாலு பேரு வேணுமாமே.” இருவரும் சிரித்தோம். நான் பேருந்துப் படியில் ஏறி, “சரி, நான் போறேன் விமலா,” என்றேன்.

“போறேன்னு சொல்லாதீங்க,” என்று அதட்டினாள். கை நீட்டி என் கையைப் பிடித்தாள். பேருந்து நகரும் வரை விடவில்லை. “போய்ட்டு வாங்க.”

பெரம்பூர் திரும்பியதும் வெட்டின இடத்தில் முடிவை ஒட்டினேன். தாளத்தில் தையல் தெரியவில்லை. மழை இருக்கிறது, விமலாவின் கேள்வி இருக்கிறது, என் அழுகை இருக்கிறது. பாட்டைக் குழுவில் போட்டேன். கார்த்தி கட்டைவிரல் அனுப்பினான். ஜோயல் கொஞ்ச நேரம் கழித்து எழுதினான்: “நல்லா இருக்கு. ஆனா முன்ன மாதிரி வெட்டி முடிச்சாதான் கெத்து. கடைசில அழறது நீயா? அதை மட்டும் எடுத்துடேன்.”

அந்தக் குழுவில் நாங்கள் மூன்று பேர்தான். பெயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: “ஜோயல், கார்த்தி, போய்ட்டு வாங்க.”

அனுப்பிவிட்டு ஆல்பத்தை வெளியிட்டேன். அழுகையை எடுக்கவில்லை.